இளநீர் வண்டியின் பின் பட்டை: மாற்றியதும் அளந்ததும்

வண்டி என் தாய்மாமாவுடையது. 2014 மாடல், ஒன்றரை டன் ரக பிக்கப். பொள்ளாச்சிக்குத் தெற்கே தோப்புத் தோப்பாகப் போய் இளநீர் ஏற்றி வருவதுதான் அதன் வேலை. அவ்வப்போது வால்பாறைக்கும் லோடு போகும். கொஞ்ச நாளாகவே பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. லோடு இருந்தால் சின்னக் குழியில் இறங்கினாலும் அடியில் இரும்போடு இரும்பு மோதும் சத்தம். வெறும் வண்டியாக நிறுத்தினாலும் இடது பக்கம் சாய்ந்தே நிற்கும். இன்னொரு குறையும் இருந்தது. மழையில் வெறும் வண்டியாக வரும்போது பிரேக் மிதித்தால் பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வழுக்கும். டயர் தேய்ந்ததுதான் காரணம் என்று மாமா நினைத்திருந்தார்.

பின்பக்கச் சுமையைத் தாங்குவது பட்டைக் கட்டு: ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய இரும்பு வில்பட்டைகள் (லீஃப் ஸ்பிரிங்). மாமா கேட்டது எளிமையான வேலை. "ஒரு பட்டை சேத்திப் போட்டுட்டாச் சரியாப் போயிரும் மாப்ள. கூட நூறு காயும் ஏத்திக்கலாம்."

பின் பட்டைக் கட்டைப் பலப்படுத்துகிற எல்லோரும் நினைப்பது இதுதான். முதல் பாதி பல வண்டிகளில் உண்மையாக இருக்கலாம். இரண்டாம் பாதி எந்த வண்டியிலும் உண்மையாகாது. ஏன் என்பதை இந்த வண்டியில் எடுத்த அளவுகளை வைத்தே சொல்கிறேன்.

முதலில் அளவு

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நான்கு டயரிலும் காற்றைச் சரிபார்த்தோம். அப்புறம் பின் சக்கரத்தின் மையத்திலிருந்து பாடியின் கீழ் விளிம்பு வரை டேப் பிடித்தோம். வலதைவிட இடது 30 மில்லிமீட்டர் தாழ்வு. இடது பக்கம் முதலில் உட்காருவது நம் ஊரில் வழக்கம்தான். சாலையின் நடு உயர்ந்து ஓரம் சரிந்திருக்கும். நாம் இடது ஓரமாகவே ஓட்டுகிறோம். குழிகளும் ஓரத்தில்தான் அதிகம். ஆனால் 30 மில்லி என்பது சாதாரணத் தளர்ச்சிக்கு அதிகம். சேஸுக்கு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்துக்கு அடியில், பட்டை அளவுக்கு மேல் வளைந்தால் முட்டி நிற்க பம்ப் ஸ்டாப் ரப்பர் இருக்கிறதே, அதற்கு நேர் எதிரே ஹவுசிங் (பின் ஆக்சிலின் உறை) மேல் உள்ள தட்டு இரண்டு பக்கமும் கண்ணாடிபோல் தேய்ந்து மின்னியது. அடிக்கடி மோதுகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அடுத்து எடை மேடை. முழு வண்டியை ஒரு முறையும் பின் சக்கரங்களை மட்டும் மேடையில் வைத்து இன்னொரு முறையும் போட வேண்டும். வெறுமனே ஒரு தடவை, லோடோடு ஒரு தடவை. பட்டை வேலை செய்யப்போகிற யாருக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன். செலவு சொற்பம், கிடைக்கிற தகவலோ வேறு எதிலும் கிடைக்காது.

இளநீர் வியாபாரம் எண்ணிக்கையில் நடக்கிறது, எடையில் இல்லை. மாமாவின் கணக்கு ஒரு நடைக்கு எண்ணூறு காய். ஒரு காய் ஒன்றரை கிலோ என்றால் அது 1,200 கிலோ. நல்ல தண்ணீர் பிடித்த பெரிய காய் இரண்டு கிலோவைத் தாண்டும். அப்போது அதே எண்ணூறு 1,600-ஐத் தாண்டிவிடும். நாங்கள் போட்ட அன்று 1,640 கிலோ. வண்டிக்கு அனுமதி 1,500. ஒரு காய்கூடக் கூடுதலாக ஏற்றாமலேயே 140 கிலோ அதிகம்.

அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது அடுத்த கேள்வி. இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே ஏறத்தாழ 3 மீட்டர். சரக்கின் எடை மையம் பின் ஆக்சிலுக்கு 40 சென்டிமீட்டர் முன்னால் இருந்தால், சரக்கில் 87 விழுக்காடு பின் ஆக்சில் மேல் விழும். 1,640-இல் அது 1,420 கிலோவுக்கு மேல். மேடையில் பார்த்ததும் இதை ஒட்டியே வந்தது. பக்கத்துக்கு 700 கிலோவுக்கு மேல், அதுவும் வண்டியின் சொந்த எடை போக. காயைப் பின் கதவுப் பக்கம் குவித்தால் இந்தப் பங்கு இன்னும் ஏறும். பிரித்து ஏற்றினால் குறையும். ஏற்றும் முறையை மாற்றினாலே பட்டைக்குச் சுமை நன்றாகக் குறைகிற வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

கட்டைப் பிரித்தபோது

பட்டைக் கட்டை ஹவுசிங்கோடு சேர்த்துப் பிடிப்பது யு போல்ட். இடது பக்க யு போல்ட் நட்டுகளுக்கு முந்தின நாளே டீசல் விட்டு ஊறவைத்திருந்தோம். நீளக் குழாய் போட்டுத் தொங்க வேண்டியிருக்கும் என்று தயாராக வந்தால், நான்கில் இரண்டு நட்டு சாதாரண ஸ்பேனருக்கே சுழன்றது. அப்போதே உள்ளே என்ன இருக்கும் என்று தெரிந்துவிட்டது.

மேலிருந்து மூன்றாவது பட்டை, பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் துளை வழியே இரண்டாக உடைந்திருந்தது. யு போல்ட்டின் பிடிக்குள்ளே, அடித்தட்டுக்கும் மேல்பட்டைகளுக்கும் நடுவில் உடைந்ததால் வெளியிலிருந்து எதுவும் தெரியவில்லை. ஒரே ஓர் அடையாளம்தான் இருந்தது: அந்தப் பட்டையின் பின் நுனி, தன் பழைய துருக் கோட்டைவிட அரை விரற்கடை தள்ளி நின்றது. உடைந்த முகத்தைக் கம்பி பிரஷ் போட்டுத் துடைத்துப் பார்த்தோம். துளையின் ஓரத்திலிருந்து பாதிக்கு மேல் கருஞ்சிவப்புத் துரு, அதில் மெல்லிய வளையக் கோடுகள். மிச்சப் பகுதி மட்டும் மணல்போல் சொரசொரத்து வெள்ளையாக மின்னியது. ஒரே அடியில் உடைந்தது இல்லை. விரிசல் விழுந்து, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து, மீதி இரும்பால் தாங்க முடியாமல் ஒரு நாள் விட்டிருக்கிறது.

சென்டர் போல்ட் துளையில் ஏன் உடைகிறது? ஒரு கட்டில் வளைவின் சுமை நடுவில்தான் உச்சம். அந்த நடுவில்தான் துளையும் போட்டிருக்கிறோம். இரும்பு அங்கேதான் குறைவு. யு போல்ட் இறுக்கமாக இருக்கிறவரை நடுப்பகுதி ஹவுசிங்கோடு ஒரே கட்டியாக இருக்கும், வளையாது. வளைவதெல்லாம் யு போல்ட்டுக்கு வெளியேதான். நட்டு தளர்ந்தால் அந்தப் பிடி போய்விடுகிறது. வளைவு உள்ளே துளை வரைக்கும் வருகிறது. ஆகவே துளையில் உடைந்த பட்டையைப் பார்த்தால், லோடைத் திட்டுவதற்கு முன் நட்டைப் பார்க்க வேண்டும். மாமாவின் வண்டியில் லோடும் அதிகம்தான். ஆனால் உடைத்தது நட்டு.

உடைந்த பட்டையோடு ஓடுவது வெறும் சத்தப் பிரச்சினையும் இல்லை. அமெரிக்காவில் டொயோட்டா 2014-இல், 2005 முதல் 2011 வரையிலான டகோமா பிக்கப்களில் ஏறத்தாழ 6,90,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. காரணம் பின் பட்டை. அழுத்தத்தாலும் அரிப்பாலும் பட்டை முறியலாம், முறிந்த துண்டு இடம் நகர்ந்து எரிபொருள் டேங்க் உட்பட அருகிலிருக்கும் பாகங்களில் படலாம் என்பதுதான் அதில் சொல்லப்பட்ட அபாயம். வலுவானது என்று பெயரெடுத்த வண்டியிலேயே நிலைமை அது.

என்ன போடுவது

பட்டை வேலை செய்கிற பெரியவர் ஒருவரிடம் உடைந்த துண்டோடு போனேன். கையில் வாங்கியதுமே கேட்டார்: "ஏனுங் தம்பி, லோடு எத்தனை கிலோ போடுவீங்க?" எண்ணூறு காய் என்று சொல்லாமல் எடைச் சீட்டை நீட்டினேன். அவருக்கு அது பிடித்துப் போனது. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து பேசினார்.

பழைய பட்டைகளையே அடித்து வளைவு ஏற்றிப் போடுவது மலிவான வழி. சம்மட்டியால் குளிர்ந்த இரும்பை அடித்து ஏற்றும் வளைவு லோடில் சீக்கிரம் இறங்கிவிடும். அதைவிடக் கெடுதல், அடியின் தழும்புகள். பட்டையின் மேல்முகம்தான் லோடில் இழுபடுகிற முகம். அதில் விழும் ஒவ்வொரு வடுவும் ஒரு விரிசலுக்கு வாசல். உலையில் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி பதம் வைத்தால் நிற்கும். அந்த வசதி எல்லாப் பட்டறையிலும் இல்லை.

அடுத்த வழி, தடித்த ஒரு பட்டையைச் செருகுவது. இங்கே கணக்கு முக்கியம். பட்டையின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். 8 மில்லிக்குப் பதில் 9 மில்லி என்றால், பார்வைக்கு ஒரு மில்லிதான். விறைப்போ 42 விழுக்காடு கூடும். கட்டில் எல்லாப் பட்டையும் சேர்ந்தே வளைகின்றன. ஒரே அளவு வளைய தடித்த பட்டை அதிக அழுத்தம் தாங்க வேண்டியிருக்கும். அதனால் பலமாக இருக்கட்டும் என்று செருகிய தடித்த பட்டையே முதலில் முறிவது உண்டு. கட்டில் என்ன தடிமன் இருக்கிறதோ அதே தடிமனில் சேர்ப்பதுதான் முறை.

ஹவுசிங்குக்கும் பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்து உயரம் ஏற்றுகிறவர்களும் உண்டு. அது உயரத்தைக் காட்டும், சுமையைத் தாங்காது. நாங்கள் அதை யோசிக்கவே இல்லை.

கடைசியில் முடிவு செய்தது இது. இரண்டு பக்கமும் புதிய முழுக் கட்டு. பழைய கட்டில் 8 மில்லிப் பட்டை ஆறு, அடியில் நேராகக் கிடக்கும் தடித்த ஹெல்பர் ஒன்று. ஹெல்பர் லோடு ஏறிய பிறகே தொட்டு வேலை செய்யும், அதன் அளவை மாற்றவில்லை. ஆறை ஏழாக்கினோம். லோடின் தொடக்கத்தில் விறைப்பு ஆறில் ஒரு பங்கு, கிட்டத்தட்ட 17 விழுக்காடு கூடும். அதற்கு மேல் வேண்டாம் என்று நான் பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் பிரேக்கில் இருக்கிறது, வருகிறேன்.

சேர்த்த பட்டையின் வளைவையும் பெரியவர்தான் பார்த்துச் செய்தார். கட்டில் கீழே போகப்போகப் பட்டை குட்டையாகும், வளைவும் சற்றுக் கூடும். பிரித்து வைத்தால் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டாமல் நடுவில் இடைவெளி தெரியும். சென்டர் போல்ட் இறுக்கும்போது அந்த இடைவெளி மூடி, மெயின் பட்டைக்குக் கொஞ்சம் சுமை குறைகிறது. வளைவு பொருந்தாத பட்டையைச் செருகினால் அது சும்மா கூட வரும், அல்லது எல்லாச் சுமையையும் தானே வாங்கும். இரும்பு 65எஸ்ஐ7 ரகம்: நூற்றுக்கு ஏறத்தாழ 0.65 கரி, 1.5 முதல் 2 வரை சிலிக்கான். பழைய பட்டைகளைப் பெரியவரே எடுத்துக்கொண்டார். அந்த இரும்புக்கு எப்போதும் ஆள் உண்டு. திருப்பாச்சேத்தி அரிவாளுக்கு லாரிப் பட்டைதான் பேர் பெற்ற இரும்பு.

தோப்பில் நடந்த வேலை

வேலை முழுவதும் தோப்பில் களத்துச் சிமெண்டுத் தரையில். மண் தரையாக இருந்தால் தொடங்கியிருக்க மாட்டோம். முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை. வண்டியைத் தூக்கி, சேஸுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்ட். ஹவுசிங்குக்குத் தனியாக ஒரு ஜாக்கி. அது ஏற்றி இறக்கிப் பொருத்தமட்டும்தான், வண்டியைத் தாங்க இல்லை. ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி அதன் மேல் வண்டியை நிறுத்துவதை நம் ஊரில் நிறையப் பார்க்கிறோம். அந்தக் கல் முன்னறிவிப்பு இல்லாமல் பொடியாகும். அதற்கு அடியில் யாரும் படுக்காதீர்கள்.

ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம். அப்படிச் செய்தால் கழற்றாத பக்கம் ஹவுசிங்கை அதனிடத்தில் பிடித்திருக்கும். பிரேக் ஹோஸ் இழுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹவுசிங் அதில் தொங்கவே கூடாது.

நேரம் தின்றது ஷாக்கிள் பின். பட்டையின் ஒரு நுனியைச் சேஸோடு சேர்க்கும் ஆடும் இணைப்புதான் ஷாக்கிள். அதன் பின் புஷ்ஷோடு துருப்பிடித்து ஒன்றாகிவிட்டிருந்தது. பழைய யு போல்ட்டைக் கிரைண்டர் வைத்து அறுத்தோம், அவை எப்படியும் புதிதாகத்தான் போட வேண்டும். ஒரு தடவை இழுத்து இறுக்கிய யு போல்ட்டை மறுபடி நம்ப முடியாது. ஒரு பட்டை கூடியதால் புதியவை குறைந்தது 8 மில்லி நீளம் கூடுதலாகவும் வேண்டியிருந்தது. பின்னை அறுக்க வழியில்லை. தட்டி, டீசல் விட்டு, மறுபடி தட்டி எடுத்தோம். கிரைண்டர் பொறியும் வெல்டிங் பொறியும் புதிய பட்டையில் விழாமல் ஈரச் சாக்குப் போட்டு மூடியிருந்தோம். பதம் வைத்த இரும்பில் ஒரு பொட்டு வெல்டிங் விழுந்தாலும் அந்த இடம் கண்ணாடிபோல் கடினமாகி, விரிசல் அங்கிருந்துதான் புறப்படும்.

கட்டு கடையிலேயே சென்டர் போல்ட் போட்டு வந்ததால் வீட்டில் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டிலேயே பட்டை செருகுகிறவர்கள், சென்டர் போல்ட்டைத் தளர்த்தும் முன் இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டே ஆக வேண்டும். உள்ளே அடங்கியிருக்கும் விசை விரலை எடுத்துவிடும்.

சென்டர் போல்ட்டின் தலை ஹவுசிங் இருக்கையில் உள்ள குழிக்குள் முழுதாக உட்கார்ந்ததை விரல் விட்டுப் பார்த்த பிறகே நான்கு நட்டையும் குறுக்குக்குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினோம். இறுதி இறுக்கம் டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்), வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு. பட்டை நுனியில் உள்ள வளையமான கண்ணுக்கும் ஷாக்கிளுக்கும் உள்ள போல்ட்டுகளைக் கடைசியில், சக்கரம் மாட்டி வண்டி தரையில் நின்ற பிறகே இறுக்கினோம். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் புஷ் அந்தக் கோணத்தில் பிடித்துக்கொள்ளும். வண்டி இறங்கியதும் முறுக்கிலேயே கிடந்து சீக்கிரம் கிழியும்.

பிரேக்கின் கதை

இந்த வண்டியில் பின் பிரேக்குக்கு லோடு சென்சிங் வால்வு உண்டு. சேஸில் வால்வு, அதிலிருந்து ஹவுசிங்குக்கு ஒரு கம்பி. வால்வுக்கு எடை தெரியாது. சேஸ் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பது மட்டும் தெரியும். தாழ்ந்தால் லோடு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட விடும். உயர்ந்தால் வெறும் வண்டி என்று குறைத்துவிடும்.

இப்போது மாமாவின் மழைப் பிரச்சினையைப் பாருங்கள். பட்டை உட்கார்ந்ததால் வெறும் வண்டியும் லோடு வண்டிபோல் தாழ்ந்து நின்றது. வால்வு லோடு இருப்பதாக நினைத்து, எடையே இல்லாத பின் சக்கரங்களுக்கு முழு அழுத்தம் கொடுத்தது. சக்கரம் பூட்டியது. டயர் தேய்மானம் அதைக் கூட்டியிருக்கலாம், தொடங்கிவைத்தது பட்டை.

புதிய கட்டு போட்டதும் நிலைமை தலைகீழ். வெறும் வண்டி 45 மில்லி உயர்ந்து நின்றது. கம்பியை அப்படியே விட்டிருந்தால் லோடோடு போகும்போதும் வண்டி பாதி காலி என்று வால்வு நினைக்கும். பின் பிரேக் மந்தமாகி, சுமையெல்லாம் முன் பிரேக் மேல் விழும். வால்பாறை மலைப்பாதையில் நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஒன்றரை டன்னோடு அதில் இறங்கும்போது முன் பிரேக் காய்ந்து பிடிப்பு விட்டால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

சரி, கம்பியைச் சரிசெய்தால் போதுமா? ஓரளவுக்குத்தான். வெறும் உயரத்துக்குக் கம்பியை ஈடு செய்யலாம். ஆனால் கட்டு 17 விழுக்காடு விறைத்தால், அதே லோடுக்குச் சேஸ் இறங்கும் தூரம் ஏறத்தாழ 14 விழுக்காடு குறைந்துவிடும். கம்பியைத் திருகி இந்தப் பங்கை மீட்க முடியாது. விறைப்பை இரட்டிப்பாக்கினால் வால்வு பார்க்கும் இறக்கம் பாதியாகிவிடும். அந்த வண்டியில் முழு லோடு இருந்தாலும் வால்வு பாதி லோடு என்றே நினைக்கும். ஒரே ஒரு பட்டையோடு நிறுத்தியது இதற்காகத்தான். இரண்டு மூன்று பட்டை அடுக்கிக்கொண்டு ஓடும் வண்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அந்த ஓட்டுநர்களில் எத்தனை பேருக்குப் பட்டைக்கும் பிரேக்குக்கும் இடையில் ஒரு கம்பி இருப்பது சொல்லப்பட்டிருக்கும்?

கம்பியை நாங்கள் வீட்டில் தொடவில்லை. அழுத்த மீட்டர் மாட்டி, பின் ஆக்சிலில் குறிப்பிட்ட எடை இருக்கும்போது எவ்வளவு அழுத்தம் வர வேண்டும் என்று பார்த்து வைக்க வேண்டிய வேலை அது. பிரேக் வேலைக் கடையில் செய்து வாங்கினோம். அதுவரை வண்டி லோடு எடுக்கவில்லை.

இப்போது எப்படி இருக்கிறது

இடது வலது வித்தியாசம் 30 மில்லியிலிருந்து 4-க்கு வந்தது. 1,500 கிலோவில் பம்ப் ஸ்டாப்புக்கு நல்ல இடைவெளி இருக்கிறது, சத்தம் நின்றது. ஈரச் சாலையில் வெறும் வண்டி நேராக நிற்கிறது. இழந்ததும் உண்டு: காலி வண்டி முன்னைவிடத் தூக்கிப் போடுகிறது. முன் விளக்கின் ஒளி தாழ்ந்துவிட்டதால் அதையும் திருகி ஏற்ற வேண்டியிருந்தது.

நூறு காய் விஷயத்தை மாமா மறக்கவில்லை. "ஏறாதுங்க மாமா" என்று சொல்லி ஆர்சி புத்தகத்தைக் காட்டினேன். வண்டியின் மொத்த எடை என்று அதில் எழுதியிருப்பதுதான் எல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 113-ஆம் பிரிவு அதைத் தாண்டி ஓட்டக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 194-ஆம் பிரிவில் அபராதம் 20,000 ரூபாய், அதிகமாகும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000, சரக்கை இறக்கும் செலவும் நம் தலையில். அபராதத்தை விடுங்கள். பட்டையைப் பலப்படுத்தினாலும் ஹவுசிங், பேரிங், ஹப் போல்ட், டயர், பிரேக் டிரம் எல்லாம் பழைய கணக்குக்குச் செய்தவைதான். பட்டை உட்கார்ந்து காட்டும். பேரிங் அப்படிக் காட்டாது.

இப்போது காய் பெரிதாக வரும் பருவத்தில் மாமா எழுநூறோடு நிறுத்திக்கொள்கிறார். இருபது காயைத் தூக்குத் தராசில் போட்டுச் சராசரி பார்த்த பிறகே எண்ணிக்கை சொல்கிறார்.

யு போல்ட் நட்டுகளை முதல் சில நூறு கிலோமீட்டர் லோடு ஓட்டம் முடிந்ததும் மறுபடி இறுக்கினோம். புதிய பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து உட்காரும்போது நட்டு கொஞ்சம் தளர்வது இயல்பு. இரண்டு நட்டு கால் சுற்றுக்கும் கொஞ்சம் குறைவாக ஏறியது. இறுக்கிய பிறகு நட்டுக்கும் போல்ட்டுக்கும் சேர்த்து மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு போட்டுவிட்டோம். கோடு விலகியிருந்தால் நட்டு சுழன்றுவிட்டது என்று அர்த்தம். டயர் காற்றுப் பார்க்கும்போதெல்லாம் டிரைவர் குனிந்து எட்டுக் கோட்டையும் பார்த்துவிடுகிறார்.